ஒளி அணைந்த குழிகள்: வைரஸ் எதிர்ப்பு மருந்துகளை ஆய்வுக்கூடம் தேடும் முறை

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எங்கள் காய்ச்சல் வார்டில் இரண்டு கேள்விகள் தவறாமல் எழும். முதலாவது, இன்று தட்டணு எண்ணிக்கை எவ்வளவு என்பது. இரண்டாவது, கைப்பேசியில் வந்த ஒரு செய்தியைக் காட்டிக் கேட்கப்படுவது: “டெங்கு வைரஸை அழிக்கும் மருந்தை ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்துவிட்டார்களாமே? என் பிள்ளைக்கு அதை ஏன் கொடுக்கவில்லை?”

கேட்பவர் பெரும்பாலும் மூன்று இரவுகள் சரியாக உறங்காத தாயாகவோ தந்தையாகவோ இருப்பார். வார்டின் நடைகூடத்தில் நின்றபடி இரண்டு நிமிடங்களில் நாங்கள் சொல்லும் விடை அவருக்குப் போதுமானதாக இருப்பதில்லை. எங்களுக்கும் அது மனநிறைவு தருவதில்லை. அச்செய்திகளுள் பல பொய்யானவையும் அல்ல. குறிப்பிட்ட அந்தப் பொருள் ஆய்வுக்கூடத்தில் வைரஸை உண்மையாகவே அடக்கியிருக்கும். அவ்வாறு அடக்கியதை ஆய்வாளர்கள் எவ்வாறு அறிந்தார்கள், அந்த அறிவு எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை இவ்விதழில் சற்று நிதானமாக விளக்க முயல்கிறோம்.

வைரஸ் தானாகப் பெருகும் ஆற்றல் அற்றது. உயிருள்ள ஓர் உயிரணுவுக்குள் நுழைந்து, அதன் உள்ளுறுப்புகளைத் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டுதான் அது படியெடுக்கிறது. ஆகவே வைரஸை ஆராய வேண்டுமெனில் முதலில் உயிரணுக்களை வளர்க்க வேண்டும். மனிதரிடமிருந்தோ விலங்கிடமிருந்தோ எடுக்கப்பட்ட உயிரணுக்களைச் சத்துநீரில் இட்டு, உடல் வெப்பநிலையில் வைத்துப் பல்லாண்டுகளாகப் பெருக்கி வருகின்றனர். இதுவே உயிரணு வளர்ப்பு. உலகெங்கும் டெங்கு ஆய்வுக்குப் பயன்படும் ஒரு கல்லீரல் உயிரணு வகை, 1982இல் ஜப்பானில் 57 வயது ஆடவர் ஒருவரின் கல்லீரல் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டது.

வளர்ப்பில் உள்ள உயிரணுக்களுக்கு வைரஸைத் தொற்றச் செய்து, அதனுடன் ஒரு வேதிப்பொருளையும் சேர்த்தால் அப்பொருள் வைரஸைத் தடுக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் வைரஸ் பெருகியதை எப்படி அளப்பது? 1952 முதல் வழக்கில் உள்ள முறை, உயிரணுப் படலத்தில் வைரஸ் அரித்துண்டாக்கும் வெற்றுப் புள்ளிகளை எண்ணுவது. படலத்துக்குச் சாயம் ஏற்றினால் உயிருள்ள பகுதி நிறம் பெறும். வைரஸ் கொன்ற இடம் வெளுத்திருக்கும். நம்பகமான முறைதான். ஆயினும் டெங்கு வைரஸுக்குப் புள்ளிகள் தெளிவாகத் தெரிய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும்; எண்ணுவதற்கு ஒருவர் கண் நோக அமர்ந்திருக்க வேண்டும். பத்துப் பொருள்களைச் சோதிக்க இது போதும். மருந்து நிறுவனங்களின் கிடங்குகளிலோ லட்சக்கணக்கான வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் எது பயன்படும் என்று முன்கூட்டி அறிய வழியில்லாதபோது அனைத்தையும் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

வைரஸையே செய்தி சொல்ல வைத்தல்

இங்கேதான் மின்மினிப் பூச்சி உதவிக்கு வருகிறது. மின்மினியின் உடலில் லூசிஃபரேஸ் என்னும் நொதி உள்ளது. உரிய எரிபொருளைச் சந்திக்கும்போது அது ஒளியை உண்டாக்கும். பவளத்தின் உறவினமான ரெனில்லா என்ற கடல் உயிரியிலும் இத்தகைய நொதி ஒன்று உண்டு. அதன் ஒளி நீலமானது. இந்த நொதியை உருவாக்கும் மரபணுவை எடுத்து, வைரஸின் மரபணுத் தொடரில் பொருத்தமான ஓரிடத்தில் செருகிவிட்டால், வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போதெல்லாம் அந்த நொதியையும் சேர்த்தே உருவாக்கும். பிறகு எரிபொருளைச் சேர்த்து ஒளியை அளந்தால் வைரஸ் எவ்வளவு பெருகியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். இத்தகைய வைரஸை ஆய்வாளர் ‘ரிப்போர்ட்டர் வைரஸ்’ என்பர். நாம் இங்கு ‘ஒளிகாட்டும் வைரஸ்’ என்று அழைப்போம்.

சொல்வதற்கு எளிதாக இருப்பினும் செய்வதற்கு அவ்வளவு எளிதன்று. டெங்கு வைரஸின் மரபணுத் தொடர் ஏறத்தாழ 10,700 எழுத்துகள் கொண்டது. ரெனில்லா நொதியின் மரபணு சுமார் 900 எழுத்துகள். ஒல்லியான ஒருவர் தலையில் மூட்டையை ஏற்றியது போன்ற நிலை இது. வைரஸ் மெதுவாக நடக்கும். வாய்ப்புக் கிடைத்தால் மூட்டையை இறக்கிவிடும். சில தலைமுறைகள் பெருகியபின் ஒளி மரபணுவை உதறிய வைரஸ்களே வேகமாகப் பெருகி மற்றவற்றை முந்திவிடும். அப்போது தொற்று இருக்கும், ஒளி இருக்காது. பல முயற்சிகளுக்குப் பின், மரபணுவை எளிதில் உதறாத டெங்கு வைரஸ் ஒன்றை 2011இல் சிங்கப்பூரில் இருந்த நோவார்ட்டிஸ் வெப்பமண்டல நோய் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உருவாக்கினர். கோவிட் பெருந்தொற்று தொடங்கிய 2020ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கால்வெஸ்டனில் கொரோனா வைரஸுக்கும் இத்தகைய ஒளி மரபணு பொருத்தப்பட்டது.

உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஒரு பிளாஸ்டிக் தட்டை எண்ணிப் பாருங்கள். அதில் பணியாரச் சட்டியில் இருப்பதுபோலக் குழிகள். ஆனால் 384 குழிகள். ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் உயிரணுக்கள், ஒளிகாட்டும் வைரஸ், ஒரு துளி சோதனைப் பொருள். சில குழிகளில் மருந்து எதுவும் சேர்ப்பதில்லை. முழு ஒளி எவ்வளவு என்று அவை காட்டும். வேறு சிலவற்றில் வைரஸே இல்லை. முழு இருள் எவ்வளவு என்று அவை காட்டும். இரண்டு மூன்று நாள்களுக்குப் பின் தட்டைக் கருவியில் வைத்தால் அது ஒவ்வொரு குழியின் ஒளியையும் எண்ணாக எழுதித் தரும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தட்டுகளை இயந்திரக் கைகள் கையாளும். தட்டின் ஓரக் குழிகளில் நீர் சற்று விரைவாக ஆவியாகி அளவுகள் தவறிப்போவதால், பலர் அவ்வரிசைகளை வெறுமனே விட்டுவிடுவதும் உண்டு. இத்தகைய சின்னஞ்சிறு விழிப்புகளால்தான் இவ்வேலை நம்பத்தக்கதாகிறது.

ஒளி குறைந்த குழியைக் கண்டதும் ஆய்வாளர் மகிழ்வார். அந்த மகிழ்ச்சி ஒரு நாள்கூட நீடிக்காமல் போகலாம்.

குழி இருண்டதற்குக் காரணங்கள் பல

குழி இருளுவதற்கு வைரஸ் தடுக்கப்பட்டது ஒன்றே காரணமாக இருக்க வேண்டியதில்லை. முதல் ஐயம், உயிரணுக்கள் உயிரோடு உள்ளனவா என்பது. வீடு துடைக்கும் பினாயிலை ஒரு துளி விட்டாலும் குழி இருண்டுதான் போகும். வைரஸுக்கு வீடாக இருந்த உயிரணுவே செத்துவிட்டதல்லவா. எனவே உயிரணுக்கள் நலமாக உள்ளனவா என்பதைத் தனியே அளப்பது கட்டாயம். வைரஸின் பெருக்கத்தைப் பாதியாகக் குறைக்கும் செறிவு ஒன்று. உயிரணுக்களில் பாதியைக் கொல்லும் செறிவு மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவே மருந்தாளருக்கு முக்கியம். எடுத்துக்காட்டாக, ஒரு பொருள் 1 மைக்ரோமோலார் செறிவில் வைரஸைப் பாதியாக்கி, 3 மைக்ரோமோலாரிலேயே உயிரணுக்களைப் பாதி கொன்றுவிடுமாயின் அது மருந்தாகாது, நஞ்சு. அதே வேலையைச் செய்யும் மற்றொன்று 200 மைக்ரோமோலார் வரை உயிரணுக்களைத் துன்புறுத்தவில்லையெனில் அதைப் பற்றி மேற்கொண்டு பேசலாம்.

இரண்டாவது ஐயம், அப்பொருள் வைரஸைத் தொடாமல் ஒளியை மட்டும் அணைத்திருக்குமோ என்பது. லூசிஃபரேஸும் ஒரு நொதிதான். அதைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் பல உண்டு. திராட்சைத் தோலில் காணப்படும், உடல்நலச் செய்திகளில் அடிக்கடி புகழப்படும் ரெஸ்வெரட்ரால், மின்மினி நொதியைத் தடுக்கும் இயல்புடையது. நிறமுள்ள பொருள்கள் ஒளியை விழுங்கிவிடவும் கூடும். நம் சமையலறை மஞ்சளில் உள்ள குர்குமின் நீல ஒளியை உறிஞ்சும், தானும் ஒளிரும், அளவு கூடினால் உயிரணுக்களையும் பாதிக்கும். ஆய்வுக்கூடச் சோதனைகளில் ஏறத்தாழ எல்லா நோய்க்கும் அது பலன் தருவதுபோலத் தோன்றுவதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம் என்று மருந்து வேதியியல் வல்லுநர்கள் 2017இல் விரிவாக எழுதினர். மஞ்சளின் மீது எங்களுக்குப் பகையில்லை. குழம்பில் அது இருக்கட்டும்.

ஆகவே முதல் சலிப்பில் தேறிய பொருள்களை ஒளி மரபணு செருகப்படாத இயற்கை வைரஸைக் கொண்டு மறுபடியும் சோதிக்கின்றனர். அப்போது மீண்டும் அந்தப் பழைய வெற்றுப் புள்ளிகளை எண்ணும் முறைக்கே திரும்ப வேண்டியிருக்கும். இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவை உதிர்ந்துவிடுகின்றன.

மூன்றாவது ஐயம் இவற்றைவிட நுட்பமானது. சோதனை எந்த உயிரணுவில் நடந்தது? கோவிட் காலத்தில் குளோரோகுயின் மாத்திரைக்கு நேர்ந்தது நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். 2020இன் தொடக்கத்தில், வீரோ எனப்படும் உயிரணுக்களில் அது கொரோனா வைரஸைத் தடுத்தது. வீரோ என்பது ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962இல் ஜப்பானியர் உருவாக்கிய வகை. எஸ்பெராண்டோ மொழியில் பச்சைச் சிறுநீரகம் என்பதன் சுருக்கமாக அப்பெயரை இட்டனர். அம்மொழியில் ‘வீரோ’ என்றால் உண்மை என்றும் பொருள். உண்மை என்று பெயர் வைத்த உயிரணு சொன்னது குரங்குச் சிறுநீரகத்துக்கு மட்டும் பொருந்தும் உண்மையாக இருந்தது.

அவ்வுயிரணுக்களுக்குள் கொரோனா வைரஸ் நுழைய அமிலத்தன்மை கொண்ட ஓர் உள்ளறை வழியே செல்ல வேண்டும். குளோரோகுயின் அந்த அமிலத்தைக் குறைத்து வழியை அடைத்தது. மனித நுரையீரல் உயிரணுக்களிலோ வைரஸுக்கு வாயிற்படியிலேயே கதவைத் திறந்துவிடும் வேறொரு நொதி உள்ளது. உள்ளறைக்குப் போகவேண்டிய தேவையே இல்லை. நுரையீரல் உயிரணுக்களில் குளோரோகுயின் பயன்படவில்லை என்பதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் அதே ஆண்டு ஜூலையில் நேச்சர் இதழில் வெளியிட்டனர். அதற்குள் உலகெங்கும் மக்கள் மருந்துக் கடைகளில் அதை வாங்கிக் குவித்திருந்தனர். மூட்டுவாத நோயாளிகளும் லூபஸ் நோயாளிகளும் நாள்தோறும் உட்கொள்ள வேண்டிய ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்குத் தட்டுப்பாடு வந்ததையும் மறந்துவிடக் கூடாது. பிரிட்டனில் நடந்த ரிக்கவரி சோதனையில் அம்மருந்து பெற்ற 1,561 பேரும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 3,155 பேரும் ஒப்பிடப்பட்டனர். 28 நாள்களுக்குள் இறந்தோர் முதல் குழுவில் 27 விழுக்காடு. இரண்டாவதில் 25 விழுக்காடு. மருந்தால் உயிர்ப் பயன் இல்லை என்பது அதனால் தெளிவாயிற்று.

நான்காவது, அளவு. ஐவர்மெக்டின் 48 மணி நேரத்தில் கொரோனா வைரஸை ஏறத்தாழ 5,000 மடங்கு குறைத்தது என்ற செய்தி 2020 ஏப்ரலில் பரவியது. அச்சோதனையில் பயன்பட்ட செறிவு 5 மைக்ரோமோலார். வழக்கமான மாத்திரையை உட்கொள்பவரின் இரத்தத்தில் காணப்படும் செறிவு அதைவிடப் பல பத்து மடங்கு குறைவு. குழிக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். மனித உடலில் அப்படி ஊற்ற முடியாது.

நேரமும் ஒரு மருந்துதான்

டெங்குவுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அதை விளக்க பாலாபிரவிர் என்ற மருந்தின் கதை உதவும். ஹெபடைடிஸ் சி நோய்க்காக உருவாக்கப்பட்ட அம்மருந்து, உயிரணு வளர்ப்பில் டெங்கு வைரஸையும் தடுத்தது. வியட்நாமில் டெங்கு கண்ட 64 பெரியவர்களைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவுகள் 2013இல் வெளிவந்தன. மருந்து பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் இரத்தத்தில் இருந்த வைரஸின் அளவிலோ காய்ச்சல் நீடித்த காலத்திலோ வேறுபாடு இல்லை.

ஏன் என்று பின்னர் ஆராய்ந்தார்கள். பாலாபிரவிர் உட்கொள்ளப்படும்போது முழுமையான மருந்தாக இருப்பதில்லை. உயிரணுவுக்குள் சென்றபின் அங்குள்ள நொதிகளால் மாற்றப்பட்டால்தான் அது வேலை செய்யும். ஆய்வுக்கூடத்தில் மருந்தை முதலில் கொடுத்து, பிறகு வைரஸைச் சேர்த்தபோது அம்மாற்றம் நன்றாக நிகழ்ந்தது. ஏற்கெனவே டெங்கு தொற்றிய இரத்த உயிரணுக்களுக்குக் கொடுத்தபோது, தொற்றால் கிளர்ச்சியுற்ற அவ்வுயிரணுக்கள் மருந்தைச் சரிவர மாற்றவில்லை. நோயாளி மருத்துவமனைக்கு வருவது தொற்றிய பின்னர்தானே? அதிலும் பெரும்பாலோர் காய்ச்சலின் மூன்றாம் நாளிலோ நான்காம் நாளிலோதான் வருகின்றனர். அந்நேரத்தில் இரத்தத்தில் வைரஸ் தானாகவே குறையத் தொடங்கியிருக்கும். அதன்பின் உயிருக்கு ஆபத்தாக வருவது இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதும் அதனால் இரத்த அழுத்தம் வீழ்வதும் ஆகும். எந்தக் குழித்தட்டிலும் இரத்தக் குழாய்கள் இல்லை.

இவ்வளவும் படித்தபின் உயிரணு வளர்ப்புச் சோதனையே வீண் வேலை என்று தோன்றலாம். அவ்வாறு எண்ண வேண்டாம். எங்கள் மருத்துவமனையின் கல்லீரல் பிரிவிலும் இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவிலும் சிகிச்சை பெறுவோர் சிலருக்கு இம்முறை தந்த கொடை நேரடியாகவே தெரியும்.

ஹெபடைடிஸ் சி வைரஸ் 1989இல் அடையாளம் காணப்பட்டது. ஆனால் பத்தாண்டுகளாக அதை எவராலும் உயிரணு வளர்ப்பில் பெருக்க முடியவில்லை. 1999இல் ஜெர்மனியில் ரால்ஃப் பார்ட்டன்ஷ்லாகர் குழுவினர் முழு வைரஸுக்குப் பதிலாக, தன்னைத்தானே படியெடுக்கும் அதன் ஒரு பகுதியை மட்டும் கல்லீரல் உயிரணுக்களில் இயங்கச் செய்தனர். இதற்கு ரெப்ளிகான் என்று பெயர். அமெரிக்காவில் சார்லஸ் ரைஸ் குழுவினர் இதனை மேலும் செம்மைப்படுத்தினர். அவர் 2020இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அமெரிக்க நிறுவனமான பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்க்விப் இந்த ரெப்ளிகானைக் கொண்டு அமைத்த சலிப்பு முறை எங்களுக்கு மிகவும் பிடித்தமானது. ஒரே குழியில் மூன்று அளவுகளை எடுத்தார்கள். ஹெபடைடிஸ் சி எவ்வளவு பெருகியது என்பது ஒன்று. மாடுகளைத் தாக்கும் உறவின வைரஸ் ஒன்றின் ரெப்ளிகான் எவ்வளவு பெருகியது என்பது மற்றொன்று. இதைத்தான் லூசிஃபரேஸ் ஒளி காட்டியது. உயிரணுக்கள் நலமா என்பது மூன்றாவது. ஹெபடைடிஸ் சி மட்டும் குறைந்து மற்ற இரண்டும் குறையாத குழியே அவர்களுக்கு வேண்டியிருந்தது. மேலே சொன்ன முதலிரண்டு ஐயங்களுக்கும் தொடக்கத்திலேயே வேலி போட்டுவிட்டார்கள் என்று சொல்லலாம். அவ்வழியில் கிடைத்த ஒரு சிறு தடயத்திலிருந்து பல ஆண்டு உழைப்பில் உருவானதே டாக்லட்டாஸ்விர். அது வைரஸின் எந்தப் புரதத்தைத் தாக்குகிறது என்பதுகூடத் தொடக்கத்தில் அவர்களுக்குத் தெரியாது. மருந்துக்கு அடங்காமல் தப்பிய வைரஸ்களின் மரபணுவைப் படித்து, என்எஸ்5ஏ என்ற புரதமே இலக்கு என்று பின்னர் அறிந்தனர். அப்புரதம் நொதி அல்ல. ஆகவே நொதிகளை மட்டும் தனியே எடுத்துச் சோதித்திருந்தால் இம்மருந்து அகப்பட்டிருக்காது. 2010இல் கண்டுபிடிப்பு வெளியாயிற்று. இன்று சோஃபோஸ்புவிருடன் சேர்த்து 12 வாரங்கள் உட்கொண்டால் நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர் முற்றிலும் குணமடைகின்றனர். இந்தியாவில் 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இம்மருந்துகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இதே நோய்க்கு முன்னர் ஓராண்டு வரை இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டு வாடியவர்களை நாங்கள் அறிவோம்.

டெங்குவுக்கு வருவோம். மோஸ்னோடென்விர் என்ற மருந்து, பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் உயிரணு வளர்ப்புச் சோதனைகளில் தொடங்கிய தேடலின் பயன். அதன் முன்னோடி மூலக்கூறு நான்கு வகை டெங்கு வைரஸையும் உயிரணுக்களிலும் எலிகளிலும் அடக்கியது என்று 2021இல் நேச்சர் இதழ் வெளியிட்டது. மோஸ்னோடென்விர் மனிதரிடம் சோதிக்கும் கட்டத்தையும் எட்டியது. ஆனால் 2024இல் அதை வளர்த்தெடுத்த நிறுவனம் தன் ஆய்வு முன்னுரிமைகளை மாற்றிக்கொண்டதாகக் கூறிச் சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டது. மருந்து தோற்றதால் நிற்கவில்லை என்பதே எங்களுக்கு வருத்தமளிக்கிறது. ஏழை நாடுகளின் நோய்க்கு இவ்வாறு நேர்வது முதன்முறையும் அன்று.

எனவே இன்று எங்கள் வார்டில் டெங்கு நோயாளிக்குத் தரப்படுவது அளவறிந்து தரப்படும் நீர், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், இடைவிடாத கண்காணிப்பு ஆகியவையே. ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் இரத்தக் கசிவைக் கூட்டும் என்பதால் அவற்றைத் தருவதில்லை. வீட்டிலும் தர வேண்டாம். காய்ச்சல் இறங்கும் நாளே மிகுந்த கவனம் வேண்டிய நாள். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், சிறுநீர் குறைதல், அளவுமீறிய சோர்வு அல்லது உறக்கம், கைகால் சில்லிடுதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், காய்ச்சல் விட்டுவிட்டதே என்று காத்திராமல் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவராயின் அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

புதிய மருந்து பற்றிய செய்தி ஏதேனும் கண்ணில் பட்டால் அதைத் தயங்காமல் எங்களிடம் காட்டலாம். அது எந்த உயிரணுவில் நடந்தது, எந்தச் செறிவில் நடந்தது, தொற்றுக்கு முன்னா பின்னா, விலங்கிலும் மனிதரிலும் சோதித்தார்களா என்று உங்களுடன் அமர்ந்து பார்க்க நாங்கள் அணியமாக இருக்கிறோம். காலை வார்டுச் சுற்று முடிந்தபின் கேட்டால் நின்று பேச நேரம் இருக்கும்.